ஊசிக்குப் பிறகு

தூத்துக்குடி விடுதியில் வளர்ந்த பெனிட்டாவுக்குப் பதினாறாவது வயதில், புதிதாகக் கண்டுபிடித்த மருந்துக்கான முறை வந்தது. ஒரே ஒரு ஊசி. பிறவியிலேயே அவள் இரத்தத்தில் இருந்த எச்.ஐ.வி. கிருமி மூன்று வாரத்தில் அடியோடு அழிந்துவிட்டதாகச் சான்றிதழ் வந்தது.

மறுநாளே அத்தை அருள்மேரி வந்து நின்றாள். பெற்றோர் இறந்தபின் அவளை இங்கே கொண்டுவந்து விட்டவள்.

“இனி ஒரு பயமும் இல்லல்லா. வீட்டுக்கு வா, தாயி.”

“தொட்டா, சேந்து சாப்பிட்டா எப்பவுமே ஒட்டாது அத்தை. டாக்டர் உங்ககிட்ட அன்னைக்கே சொன்னாரே.”



அப்போது அதே விடுதியில் வளரும் நான்கு வயது ஜெபா ஓடிவந்து பெனிட்டாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

“இவளுக்கும் அதேதான். இன்னும் ஊசி போடல. ஒரு தடவ தூக்குங்க. அப்புறம் நான் வாரேன்.”

அருள்மேரி கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து தூக்கினாள். ஜெபா அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தாள்.

“ஏளா, வலிக்குது!”

பெனிட்டா துணிமணிகளை எடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோதும் அத்தை குழந்தையை இறக்கிவிடவில்லை.