இருவருக்கும் ஒரே பட்டியல்

“புதுச் சொல்லையெல்லாம் பட்டியல்ல ஏத்திட்டியா, இல்ல வழக்கம்போல அம்போன்னு விட்டுட்டியா?”

பக்கத்து அறையிலிருந்து கணவரின் குரல் வந்தது. ஏற்றியாச்சு என்று மனைவி பொய் சொன்னாள். என்ன வேலை என்று கேட்டார். ஏதோ சலவை இயந்திரத்துக்கான கையேடு என்று அடுத்த பொய்யையும் சொன்னாள். ஒரு மாதமாகவே அவள் வாயில் உண்மை வருவதில்லை.

இருவரும் மொழிபெயர்ப்பாளர்கள். ஆளுக்கொரு கணினி, இருவருக்கும் பொதுவாக ஒரே சொற்பட்டியல். மூலச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் குறித்து ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், பட்டியலில் ஏறிவிடும். அடுத்த நொடி அவர் திரையிலும் தெரியும். அவள் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். அவர் அப்படியில்லை. புதுச் சொல் எது கண்ணில் பட்டாலும் பட்டியலில் போட்டு, அதன் கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் எழுதினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அதையெல்லாம் அவள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. யாருக்கு நேரம் இருக்கிறது?

போன மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கணவருக்குக் கணையப் புற்றுநோய், பரவிவிட்டது, ஆறு மாதம் தாண்டினால் பெரிது என்றார். அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றும் சொன்னார். வெறும் வயிற்றுப்புண்தான், மருந்தில் சரியாகிவிடுமாம் என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே அவள் சொல்லிவிட்டாள். அப்பாடா என்று அவர் பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டார். பாவி மனுஷன், எதைச் சொன்னாலும் நம்புவார். அதுதான் அவளை அறுத்தது.

அதே நோய்க்கான கையேடு இன்று மொழிபெயர்ப்புக்கு வந்து தொலைத்தது. அவள் மறுத்தால் நிறுவனம் அடுத்து அவருக்குத்தான் அனுப்பும். பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் திரையில் எதுவும் தெரிந்துவிடாதபடி பட்டியலை இணைக்காமலே பன்னிரண்டு பக்கத்தையும் முடித்தாள். கடைசியில், சொற்களைப் பட்டியலில் ஏற்றி அதையும் சேர்த்து அனுப்பும்படி நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல்.

“குளிச்சிட்டு வந்துடறேம்மா. அப்புறம் ரெண்டு பேரும் சாப்பிடலாம்.”

குளியலறைக் கதவு சாத்தப்பட்டது. பத்து நிமிடம் இருந்தது. அதற்குள் நாற்பது சொற்களையும் ஏற்றி, நகல் எடுத்து, தடம் தெரியாமல் அழித்துவிட வேண்டும். ஒன்று மிஞ்சி அவர் கண்ணில் பட்டாலும் குடி முழுகிப்போகும். பட்டியலை இணைத்தாள். நோயின் பெயரைக் குறித்துப் பொத்தானைத் தட்டினாள்.

‘இந்தச் சொல் ஏற்கெனவே உள்ளது’ என்றது திரை.

அடுத்த சொல்லைத் தட்டினாள். அதுவும் இருந்தது. வலி தணிப்பு, இறுதிக்காலப் பராமரிப்பு, எல்லாமே இருந்தன. எப்போதோ செய்த வேலையாக இருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, முதல் சொல்லைத் திறந்து பார்த்தாள்.

சேர்த்தவர் அவர்தான். நாள், டாக்டர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டதற்கு முந்தைய நாள். கீழே எடுத்துக்காட்டு வாக்கியம் இருந்தது:

‘எனக்குக் கணையப் புற்றுநோய் என்பதை என் மனைவியிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும், டாக்டர், எனக்கு முன்பே தெரியும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.’