பின்பாரம்

முன்னால் ஜல்லி அள்ளிய பக்கெட் இடுப்பு உயரத்துக்குப் போனதும் டிராக்டரின் பின்சக்கரம் தரையை விட்டு ஒரு விரல் எழும்பியது.

அவர் பதறிப்போய் லீவரைத் தள்ளினார். பக்கெட் தொப்பென்று இறங்கியது. ஜல்லி நாலா பக்கமும் சிதறியது.

"என்னங்க, டிராக்டர்னு சொல்லி உக்கார வெச்சுட்டு குதிரையை ஓட்டுறீங்க?" பின்னாலிருந்து மனைவி சிரித்தாள்.

அவள் உட்கார்ந்திருந்தது, வண்டியின் பின்பக்கக் கொக்கிகளில் மாட்டியிருந்த இரும்புப் பெட்டியின் மேல்.

சின்ன டிராக்டர் அது. முன்னால் பாரம் தூக்கினால் பின்னால் அதற்கு ஈடு வேண்டும். இல்லையென்றால் வண்டி மூக்குக் குத்திவிடும். மற்றவர்கள் கான்கிரீட் கட்டி வார்த்து மாட்டுவார்கள். அவர் ஒரு பெட்டி நிறைய மணலைக் கொட்டி, அதன்மேல் மனைவியை உட்கார வைத்தார். பெட்டியும் அவளும் சேர்ந்தால் முழு பக்கெட் ஜல்லியும் அலுங்காமல் எழும்பும். நாற்றுப்பண்ணைக்குள் பாதை போட்டதும், தொட்டி மண் அள்ளியதும் இருபது வருடமாக இப்படித்தான்.

செடி ஏற்ற வரும் லாரிக்காரர் விட்டுவைக்க மாட்டார். "எல்லாரும் கட்டியை மாட்டுறான். இந்த மனுஷன் பொண்டாட்டியை மாட்டுறாரு."

"கட்டி பேசுமாய்யா?" என்பார் இவர்.

அவளுக்கு அவர் வைத்திருந்த பெயர் மூட்டை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவரைத் தவிர வேறு யாருக்கும் துணிச்சல் கிடையாது.

நோய் வந்த பிறகு நாலு மாதம் அந்தப் பெட்டியின் மேல் யாரும் உட்காரவில்லை. இன்று காலை அவளாகவே வந்து, கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.

"மூட்டை வந்தாச்சு. எடுங்க வண்டியை."

அவருக்குத் தலைகால் புரியவில்லை.

சந்தோஷப்படக் காரணம் இருந்தது. டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். எடை அறுபதுக்குக் கீழே போனால் இந்த மருந்தை உடம்பு தாங்காது, நிறுத்திவிட வேண்டியதுதான். இதை விட்டால் வேறு மருந்தும் இல்லை.

வாரம் ஒருமுறை எடை பார்ப்பார்கள். மூன்று வாரமாக ஆஸ்பத்திரி அட்டையில் ஒரே எண். அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு. டீ குடிக்கும்போதெல்லாம் அவர் அந்த அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்ப்பார். லாரிக்காரரிடம்கூடக் காட்டினார். "பாத்தியா, அசையவே இல்ல."

நாளைக்கு மறுபடியும் எடை பார்க்கும் நாள்.

நோய்க்கு முன்னால் அவள் எழுபது. அந்த எட்டு கிலோவையும் அவர் மறக்கவில்லை. அதற்குத் தகுந்தபடி ஜல்லியைக் குறைத்துத் தள்ளிவிட்டுத்தான் இன்று பக்கெட்டைத் தூக்கினார்.

சக்கரம் எழும்பியிருக்கவே கூடாது.

அவர் இறங்கினார். பக்கெட்டைப் பார்த்தார். சரியான அளவுதான். ஜல்லி காய்ந்து கிடந்தது. நனைந்து கனத்துவிட்டது என்று சொல்ல வழியில்லை.

அவளை ஒரு பக்கம் நகரச் சொல்லி, பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். மணல் விளிம்புவரை இருந்தது.

அப்படியென்றால் டயர்தான். கனத்துக்காகப் பின்டயர்களுக்குள் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். அது எங்கேயோ கசிந்திருக்க வேண்டும். மண்டியிட்டு, வால்வுக்குள் ஒரு குச்சியை விட்டு அழுத்தினார். தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடித்தது.

மறுபக்கம் போனார். அங்கேயும் பீய்ச்சியடித்தது.

திரும்பவும் முதல் டயருக்கே வந்தார்.

"கசிவு எங்கேயோ இருக்கு," என்றார். "கண்டுபிடிச்சிருவேன். நீ அப்படியே உக்காரு."

அவள் கம்பியைப் பிடித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சிரிக்கவில்லை.

"டயரை விடுங்க," என்றாள் மெதுவாக. "இன்னைக்கு நான் எடை பாக்கப் போட்டுட்டுப் போற கோட்டைப் போட்டுக்கல. நீங்க உள்ள ஈயம் வெச்சுத் தெச்சீங்களே, அந்தக் கோட்டை."

அவர் கையிலிருந்த குச்சி நின்றுபோனது.

முதல் வாரம் கோட்டின் உள்துணியைப் பிரித்து இரண்டு ஈயக் கட்டிகளை வைத்துத் தைத்தார். இரண்டாவது வாரம் இன்னும் இரண்டு கட்டிகளைச் சேர்த்துத் தைத்தார். மூன்றாவது வாரம் அட்டையை வாங்கிப் பார்த்தபோது, தான் தைத்ததே மறந்துபோய், உண்மையாகவே அவருக்குக் கண் கலங்கியது.

அவள் இறங்கப் பார்த்தாள். எப்போதும் ஒரே குதி குதித்து இறங்குபவள், காலைத் தொங்கவிட்டுக்கொண்டு தரையைத் தேடினாள்.

அவர் எழுந்து போய் அவள் இரண்டு அக்குளிலும் கை கொடுத்தார். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவளைத் தூக்கப் பார்த்து, இடுப்புப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்துக் கிடந்தார். அதற்குப் பிறகு அவர் முயன்றதே இல்லை.

இன்று தூக்க முடிந்தது.