அறைக்கு இருவர்

"ஐயோ, வேண்டாம் சம்பந்தி! நீங்க போய் என் காலைத் தொடலாமா?" என்று பல் டாக்டர் பதறினார். சோபாவில் நீட்டியிருந்த அவருடைய வலது முழங்காலில் தடிமனாகக் கட்டுப் போட்டிருந்தது.

"காலாவது கையாவது! உறவுக்குள்ள என்ன இருக்கு?" அவருடைய மகளின் மாமனார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கட்டைப் பிரித்து, தான் வாங்கி வந்த தைலத்தைப் பதமாகத் தேய்க்கத் தொடங்கினார்.

டாக்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த முழங்காலுக்கு ஒன்றுமே இல்லை.

சம்பந்திகள் இருவருக்கும் பறவைப் பைத்தியம். வடதுருவத்துப் பக்கம், கடலுக்கு நடுவே ஆளில்லாமல் கிடக்கும் தீவுகளுக்குப் போய், பாறை முழுக்கக் கூடு கட்டும் கடல் பறவைகளைப் பார்க்க வேண்டும் என்று வருடக்கணக்காகத் திட்டம் போட்டிருந்தார்கள். பூட்ஸ் வாங்கி, பைனாகுலர் வாங்கி, கம்பளித் தொப்பிகூட இருவருக்கும் ஒரே ஆரஞ்சு நிறத்தில் வாங்கியாயிற்று.

போன மாதம் ஒத்திகை மாதிரி ஓர் ஏரிக்கரை விடுதியில் ஒரே அறையில் தங்கினார்கள். அங்கேதான் வந்தது வினை. சம்பந்தி, வானொலியில் விளையாட்டு வர்ணனை செய்து ஓய்வுபெற்றவர். "இதோ நாரை காலைத் தூக்குகிறது, வைக்கிறது, ஆஹா, மறுபடியும் தூக்குகிறது!" என்று ஏரியில் இருந்த பறவைகளையெல்லாம் கிளப்பி விட்டுவிட்டார்.

டாக்டரோ, வாயைத் திறந்தாலும் பேச முடியாதவர்களோடு காலம் தள்ளியவர். அவர் காது அதற்குப் பழகவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் சம்பந்தியின் கண் இரண்டும் சிவந்து கிடந்தன. ராத்திரியும் யாருக்காவது வர்ணனை சொல்லிக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த மனிதரோடு ஒரு கப்பலில், ஒரு அறையில் நாள் கணக்காக இருக்க முடியாது. அதை முகத்துக்கு நேரே சொல்லவும் முடியாது. அதனால்தான் இந்தக் கட்டு.

"பொண்ணு வாழற இடம். தெரிஞ்சா அவ அந்த வீட்டுல எப்படி முகத்தைக் காட்டுவா?" என்று மனைவி காலையிலேயே கேட்டிருந்தாள். காற்று வரவில்லை என்று பக்கத்து அறையில் படுக்கத் தொடங்கியதிலிருந்து அவள் குரலில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"நீங்க இல்லாம நான் மட்டும் எதுக்கு சம்பந்தி? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் சம்பந்தி. "கால் வைத்தியத்துக்கு எங்கயோ தங்கப் போறீங்களாமே. நல்லா ஓய்வெடுங்க. நானும் தம்பி வீட்டுக்குப் போய்ட்டு வரேன். அங்க போனே எடுக்காது."

அவ்வளவுதான். வாயே மூடாத மனிதர், அதற்குமேல் தலையைக் குனிந்துகொண்டு தேய்த்துக்கொண்டே இருந்தார். பாவம், ஏமாற்றத்தை மறைக்கப் பார்க்கிறார் என்று டாக்டருக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. தைரியம் வரவில்லை.

சம்பந்தியின் கார் தெருமுனை திரும்பியதும், டாக்டர் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு பயண நிறுவனத்துக்குப் போன் போட்டார். அந்தத் தீவுகளுக்குக் கோடையில் ஒரே ஒரு கப்பல்தான். தனியாக வருகிறவர்களை அறைக்கு இருவராகச் சேர்த்துப் போடுவார்கள்.

"அதிகம் பேசாத ஆளாப் பாத்துப் போடும்மா" என்றார்.

"ஒருத்தர் இருக்கார் சார். ரொம்ப அமைதியானவர்னு அவரே சொன்னார். உங்களுக்கு சிகரெட், குறட்டை, ராத்திரி லைட் போட்டுப் படிக்கிறது, இப்படி ஏதாவது உண்டா?"

"சேச்சே, ஒண்ணும் கிடையாது."

கிளம்பும் நாளில் அந்தத் தைலப் புட்டியை வீட்டில் விட்டுவிட்டு வர அவருக்கு மனசு வரவில்லை. பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார். விமானத்தில் பெட்டியை நினைக்கும்போதெல்லாம் அந்தக் குனிந்த தலைதான் கண்முன் வந்தது.

ஆனால் துறைமுகத்தில் குளிர்காற்று முகத்தில் அடித்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. கப்பல் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். தன் அறையைத் தேடிப் பிடித்துக் கதவைத் திறந்தார்.

இரண்டு கட்டில்கள். ஒன்றின் மேல் ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி ஒன்று கிடந்தது. வட்ட ஜன்னல் ஓரமாக ஒருவர் முதுகைக் காட்டி நின்று, தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"இதோ, வெள்ளைப் பறவை ஒன்று வலது பக்கம் திரும்புகிறது, ஆஹா, இறங்குகிறது!"

டாக்டர் கையிலிருந்த பெட்டி தடாலென்று விழுந்தது. சம்பந்தி திரும்பினார். அந்த நொடியில் டாக்டரின் கால் தானாகவே நொண்ட ஆரம்பித்தது. இடது கால்.

சம்பந்தியின் பார்வை அந்தக் காலிலேயே நின்றது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம், ஆனால் காலுக்குக் கீழே இருந்தது கடல். மகளின் முகம் நினைவுக்கு வர, டாக்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "மன்னிச்சுடுங்க சம்பந்தி. நான் செஞ்சது..." என்று தொடங்கினார்.

பதிலுக்குத் திட்டு விழவில்லை. மெல்ல நிமிர்ந்து பார்த்தார். சம்பந்தியின் தலையும் தொங்கிக்கொண்டிருந்தது. தைலம் தேய்த்த அன்று குனிந்திருந்த அதே மாதிரி. தொப்பியை எடுத்துக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, இதுவரை டாக்டர் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் அவர் சொன்னார்:

"குறட்டையே விடாத ஆள்னு சொன்னாங்களே, சம்பந்தி..."