ஒச்சப்பன் அவிழ்த்த ஃபிளெக்ஸ்

செம்பட்டி பஸ் நிறுத்தத்தில் கட்டியிருந்த ஃபிளெக்ஸை ஒச்சப்பனே அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

'ஜெர்மனி சென்று உயர்கல்வி பயிலவிருக்கும் எங்கள் செல்ல மருமகள் சுகன்யாவை வாழ்த்துகிறோம்.' சுற்றிலும் மாமன்மார் நாலு பேர் கைகூப்பி நிற்க, நடுவில் சுகன்யா. விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே மாமன்மார் கட்டிவிட்டார்கள். அம்புட்டு அவசரம்!

நிஜ சுகன்யா அப்பாவின் டிவிஎஸ் வண்டியைப் பிடித்தபடி தலை குனிந்து நின்றாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆரோக்கியம்மாள் டீச்சர் நேராக அங்கே வந்தார். பள்ளியில் அவளுக்குப் பாடம் எடுத்தவர். ஜெர்மனிக்கு விண்ணப்பம் போடச் சொல்லி விரட்டியதும் அவர்தான்.

"கேள்விப்பட்டது நெசந்தானா? பிள்ளைய அனுப்ப மாட்டேன்னுட்டீங்களாமே?"

"ஆமா டீச்சர். பொம்பளப் பிள்ள. அம்புட்டுத் தூரம் அனுப்ப மனசு ஒப்பல."

"காலம் பூரா உங்க காட்டுல மல்லியப்பூ பறிக்கட்டும்னு நெனப்போ? இந்தச் சீட்டுக்கு எத்தனை பிள்ளைக ஏங்குதுக தெரியுமா? சேர்றதுக்கு இன்னும் பத்து நாள்தான் டைம் இருக்கு!"

ஒச்சப்பன் அவிழ்த்த கயிற்றைச் சுற்றினார்.

டீக்கடையில் நின்றவர்களுக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்தது. "இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு மனுசன்!" என்றார் ஒருவர், ஒச்சப்பன் காதில் விழட்டும் என்றே.

டீச்சர் சுகன்யாவின் கன்னத்தைத் தொட்டார். "இவருக்குப் போயி மகளாப் பொறந்தியே!"

சுகன்யா வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

வண்டி ஊரைத் தாண்டியதும் வெடித்தாள்.

"நிறுத்துங்கப்பா! தனியாப் போகப் பயமா இருக்கு, போக மாட்டேன்னு அழுதது நான். பேச்சு வாங்குறது நீங்களா? எனக்குக் கேவலமா இருக்கு. திரும்புங்க, டீச்சர்ட்ட நானே உண்மையச் சொல்லிர்றேன்."

"வேணாம் தாயி."

ஒச்சப்பன் வண்டியை ஓரம் கட்டினார். மகள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

"நீ பயந்துட்டேன்னு ஊருக்குத் தெரிஞ்சா, பெறகு தைரியம் வந்தாக்கூட கிளம்பக் கூசுவ. பழி எம்மேலயே கெடக்கட்டும். உனக்கு என்னைக்குத் தைரியம் வருதோ, அன்னைக்கு எனக்குப் புத்தி வந்துருச்சுன்னு சொல்லிக்கிருவோம்."