வெளிச்சுவரில் அடுப்புக்கரி

"மண்ணைத் தோண்டுங்க."

வந்ததும் வராததுமாக வினோதா கேட்டது அதைத்தான். அதை மட்டும் கேட்கவே கூடாது என்று தேயிலைத் தோட்டத் தலைவர் மூக்கன் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இப்போது அவர் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"எதுக்குத் தோண்டணும்?" என்றார் யோகேஸ்வரன். தோட்டத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த நலன்புரி உத்தியோகத்தர். "சரிஞ்ச மண்ணுக்குக் கீழ ஒண்ணும் இல்ல தங்கச்சி. பழைய மாட்டுப்பட்டி ஒண்ணு இருந்துச்சாம். அதுலயும் மாடு இல்லையாம்."

பூண்டுலோயாவுக்கு மேலே அந்த மலை வாய் பிளந்து இறங்கியிருந்தது. சேறு, தொழிலாளர் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்ற லயத்தின் கடைசி வீட்டுச் சுவர் வரைக்கும் வந்து, கத்தியால் நறுக்கியது போல நின்றிருந்தது. பனிமூட்டம் சேற்றின் மீது படுத்திருந்தது.

"அங்க ஒரு வீடு இருந்துச்சு."

"இங்க இருக்கறவங்களக் கேட்டுப் பாருங்க."

வினோதா கேட்டாள். "அங்க மாட்டுப்பட்டிதாங்க மிஸ் இருந்துச்சு" என்றார்கள் முதல் வீட்டில். அடுத்த வீட்டிலும் அதே சொற்கள், அதே குரல். அதற்கடுத்த கதவில் அவள் வாயைத் திறக்கும் முன்பே உள்ளிருட்டிலிருந்து பதில் வந்தது: "மாட்டுப்பட்டிதாங்க மிஸ்."

கடைசி வீட்டு லெட்சுமி தேத்தண்ணி கொண்டு வந்தாள். யோகேஸ்வரனிடம் சீனி எவ்வளவு என்று கேட்டுப் போட்டாள். வினோதாவிடம் கேட்கவில்லை. சீனியில்லாமல் நீட்டினாள், முகத்தைப் பார்க்காமல்.

பொழுது சாய்கிற நேரம். ஒரு கோழி சேற்றில் தத்தித் தத்திப் போய், ஓரிடத்தில் நின்று, மூடிய கதவுக்கு முன்னால் நிற்பது போலக் கொக்கரித்தது.

"யார் கோழி அது?"

"யாரோடதும் இல்லங்க மிஸ்," என்றாள் லெட்சுமி. "தெனமும் இந்நேரத்துக்கு வரும். வெரட்டினாலும் போகாது."

யோகேஸ்வரன் தொண்டையைச் செருமினார். "நீங்க எந்தத் திணைக்களம்?"

"திணைக்களம் இல்ல, யுனிவர்சிட்டி கெம்பஸ். பௌதிகம். அணுக்கருவோட மேற்பரப்புதான் என் ஆராய்ச்சி."

"அணுக்கருவுக்கு மேற்பரப்பா?" அவர் சிரித்தார். "சரியான ஆளத்தான் மண்சரிவு பாக்க அனுப்பியிருக்காங்க."

"யாரும் அனுப்பல. கேளுங்க. கருவுக்குள்ள புரோத்தனும் நியூத்திரனும் சமமா இருக்கத்தான் பாக்கும். ஒண்ணு கூடிப்போனா அதுக்கு ஒரு விலை உண்டு. சமச்சீர்ச் சக்தின்னு சொல்லுவோம். பெரிய கருவுல கூடிப்போன நியூத்திரன ஓரத்துக்குத் தள்ளிவிட்ரும், தோல் மாதிரி. ஓரத்துல நிக்கிறத ஒரு பக்கம் பிடிச்சுக்க ஆளே கிடையாது."

"அதுக்கும் லயத்துக்கும் என்ன?"

"இலத்திரன விட்டு அடிச்சுப் பாத்தா புரோத்தன் தெரியும். நியூத்திரன் லேசில தெரியாது, அதுக்கு மின்னேற்றம் இல்ல. தெரியலங்கிறதுக்காக நாங்க இல்லைன்னு எழுதிட மாட்டோம் ஐயா. அந்தா நிக்கிற தண்ணி பைப்புக்கு அந்தப் பக்கம் எத்தனை கதவு?"

அவர் திரும்பி எண்ணினார். "ஆறு."

"இந்தப் பக்கம்?"

"அஞ்சு."

"வெள்ளக்காரன் கட்டுன லயம். பைப்ப நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் சமமாத்தான் கட்டுவான். இந்தப் பக்கம் மட்டும் ஒண்ணக் குறைக்க அவனுக்கு என்ன பைத்தியமா?"

யோகேஸ்வரன் இம்முறை சிரிக்கவில்லை.

மூக்கன் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "வேணாங்க மிஸ். மலை சரியும்னு செவப்பு நோட்டீஸ் ஒட்டுன பெறகும் அங்க ஆள குடி வச்சிருந்தது தெரிஞ்சா தோட்டத்து மேல கேஸ் வரும். கேஸ் முடியிற மட்டும் ஒருத்தருக்கும் புது வீடு கெடையாதுன்னு தோட்டத்து ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. எல்லாத்துக்கும் புள்ள குட்டி இருக்குங்க."

"மண்ணுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு?"



வினோதா கடைசிச் சுவருக்கு நடந்தாள். புதிதாக அடித்த சுண்ணாம்பு. ஆனால் மழை விடவில்லை. சுண்ணாம்பு கரைந்து வழிந்த இடமெல்லாம் நீலம் தெரிந்தது. கீழே, தரையோடு தொடங்கி விசிறி போல மேலேறியிருந்தது கறுப்பு.

"வெளிச்சுவருக்கு யாரு ஐயா நீலப் பெயிண்ட் அடிப்பாங்க? மாடு அடுப்புப் பத்த வைக்குமா?"

யோகேஸ்வரன் விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் நுனி கறுத்தது. அதைத் துடைக்கத் தோன்றாமல் நின்றார். கரிக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்திலிருந்து ஒன்றன் மேல் ஒன்றாக, ஆணியால் கீறிய கோடுகள்.

"இது என்ன கோடு?"

அவள் திரும்பி, குதிகால் சுவரில் முட்ட, முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்றாள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கோடு அவள் உச்சந்தலையில் சரியாக வந்து உட்கார்ந்தது.

கதவுகளில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். லெட்சுமி மட்டும் போகவில்லை.

வினோதா மூக்கனின் கையிலிருந்து மம்பட்டியை எடுத்தாள். அவர் கொடுக்கவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கோழி நிற்கும் இடத்தை நோக்கிச் சேற்றில் இறங்கினாள்.

"தங்கச்சி, யாரு நீங்க?" என்றார் யோகேஸ்வரன்.

அவள் மம்பட்டியை ஓங்கினாள். பின்னாலிருந்து லெட்சுமியின் குரல்தான் வந்தது, முதல் தடவையாக 'மிஸ்' இல்லாமல்.

"அங்க இல்ல வினோ, அது வாசலு. இன்னும் கொஞ்சம் இங்கிட்டு வாடி. ஒங்கம்மா அடுப்போரமாத்தான் படுத்திருந்தா."