முதலில் கண்டிஷனர்

“முதல்ல கண்டிஷனர். அப்புறம்தான் ஷாம்பு. இந்த வரிசையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மாத்திடாதீங்க, சரியா?” என்று தேன் ஒழுகச் சொன்னாள் நுரையக்கா. பக்கத்தில் நின்ற, முதலாளியம்மாவின் நாத்தனார் அதைச் சின்ன நோட்டில் எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டுக்கொண்டாள்.

அந்த பார்லரில் பன்னிரண்டு வருடமாகத் தலை அலசுகிறவள் நுரையக்கா. கை வைத்தால் நுரை பொங்கும் என்பதால் வந்த பெயர். ஷாம்பு போட்டு அழுக்கை எடுத்த பிறகுதான் கண்டிஷனர் என்பது அவளுக்குத் தூக்கத்திலும் மறக்காத பாடம். தெரிந்தேதான் மாற்றிச் சொன்னாள்.

காரணம் இல்லாமல் இல்லை. முதலாளியம்மா அடுத்த தெருவில் இன்னொரு பார்லர் திறக்கப் போகிறாள். அதன் பொறுப்பு தனக்குத்தான் என்று நுரையக்கா மனக்கோட்டை கட்டி, வாசலுக்கு என்ன கலர் கர்ட்டன் போடுவது என்பது வரை யோசித்து வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா தன் கணவரின் தங்கையைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

“இவளுக்கும் தொழிலைக் கத்துக்கொடு. ரெண்டு மாசம் போகட்டும், புதுக் கடைக்கு யாரை அனுப்பறதுன்னு அப்புறம் முடிவு பண்றேன்.”

நுரையக்காவுக்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருடம் முதுகு ஒடிய நின்றவள் இவள். நேற்று வந்தவளுக்கோ உறவு என்ற ஒன்றே போதும். போகட்டும், கண்டிஷனர் மேல் ஷாம்பு போட்டால் போட்டதெல்லாம் தண்ணீரோடு போய்விடும். முடி துடைப்பமாக நிற்கும். நாலு வாடிக்கையாளர் வந்து சண்டை போட்டால் உறவெல்லாம் பறந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

முதலில் மாட்டியது ஒரு பாட்டு டீச்சர். சன்னமான முடி. நாத்தனார் நோட்டைப் பார்த்துப் பார்த்து, நனைந்த முடியின் பாதியிலிருந்து நுனிவரை கண்டிஷனரைத் தடவினாள், ஐந்து நிமிடம் காத்திருந்தாள், பிறகு துளி ஷாம்புவை உச்சியில் மட்டும் தேய்த்து அலசிவிட்டாள். பக்கத்து பேசினில் நின்ற நுரையக்கா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை.

மூன்றாம் நாள் டீச்சர் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். “அந்தப் புது அம்மா எங்கே?”

வந்துவிட்டது சண்டை என்று நுரையக்கா மனம் குளிர்ந்து போனாள். “ஏன் டீச்சர், என்ன ஆச்சு?” என்றாள், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

“தொட்டுப் பாருங்க! மூணு நாளாச்சு, இன்னும் பட்டு மாதிரி இருக்கு. முன்னெல்லாம் இங்கேருந்து வீடு போய்ச் சேர்றதுக்குள்ள முடி தலையோட ஒட்டிக்கும். இப்ப பாருங்க, புசுபுசுன்னு நிக்குது. இனிமே அவங்கதான் எனக்கு அலசணும்.”

நுரையக்கா தொட்டுப் பார்த்தாள். பட்டுதான், பொய்யில்லை.

டீச்சர் ஊருக்கெல்லாம் சொன்னாள். ஒரே மாதத்தில் சன்ன முடிக்காரிகள் அத்தனை பேரும் நாத்தனாரின் பேசின் முன்னால் வரிசை கட்டினார்கள். நுரையக்கா காய்ந்த டவல்களை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள். தானும் அப்படி அலசிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. சொன்ன பொய் மெய்யாகிவிட்டதை ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் வரும்?

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. திங்கட்கிழமை காலை, கடை திறக்கும் முன், முதலாளியம்மாவுக்கு அலசுவது மட்டும் அன்றும் இன்றும் நுரையக்காதான். வேறு ஒரு கை அந்தத் தலையில் பட்டதில்லை. “மத்தியானத்துக்குள்ள படிஞ்சுடுது, பாரேன்” என்று முதலாளியம்மா கண்ணாடியைப் பார்த்து அலுத்துக்கொள்வாள். “பரம்பரையா வந்த சன்ன முடி மேடம், நாம என்ன பண்ண முடியும்?” என்று இவள் ஆறுதல் சொல்வாள்.

இரண்டு மாதம் முடிந்தது. முதலாளியம்மா இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

“வர்றவங்க எல்லாம் இந்த அலசலைத்தான் கேக்கறாங்க. புதுக் கடையில இதுதான் நம்ம ஸ்பெஷல்” என்றவள் நாத்தனாரைப் பார்த்தாள். “கண்டிஷனரை முதல்ல போடணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?”

“எனக்கு எங்கே தோணுச்சு அண்ணி? அக்காதான் முதல் நாளே சொல்லிக்கொடுத்தாங்க. இந்தப் பேரெல்லாம் அவங்களுக்குத்தான் போகணும். புதுக் கடையையும் அவங்களே பார்க்கட்டும்.”

நுரையக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த நல்ல மனசுக்கா குழி பறித்தோம் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் ஒரு நொடிதான். மறுநொடியே கண்முன் கர்ட்டன் ஆடியது.

“அப்படியா? நீயா சொல்லிக்கொடுத்தே?” முதலாளியம்மா வியந்து போனாள்.

“ஆமா மேடம்” என்று நுரையக்கா நெஞ்சை நிமிர்த்தினாள். “சன்ன முடிக்கு அதுதான் சரி. இங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே எனக்கு அத்துப்படி. தெரிஞ்சதை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தா நமக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?”

முதலாளியம்மாவின் விரல்கள் மெல்ல மேலே போய்த் தன் உச்சியைத் தடவின.

“அப்போ பன்னெண்டு வருஷமா என் தலையில மட்டும் ஏன் முதல்ல ஷாம்புவைக் கொட்டினே?”