இருபது நாள் பயிற்சி

"ஏறுங்க மாமா! புது வண்டியில நீங்கதான் முதல் ஆள்."

மனைவியின் தம்பி. டிரைவிங் ஸ்கூலில் இருபது நாள் அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். நேற்று லைசென்ஸ் வந்துவிட்டது. வண்டி நகர்ந்ததும் நான்கு கதவுகளும் டக்கென்று பூட்டிக்கொண்டன.

பாலத்திலிருந்து இறங்கினோம். கீழே சிக்னல் சிவப்பு.

"வேகத்தைக் குறை மாப்ள."

"பதறாதீங்க மாமா. இருபது நாள்ல ஒரு கீறல் உண்டா?"

இல்லைதான். வீடு முழுக்க நானே அதைச் சொல்லிப் பெருமையடித்திருந்தேன்.

"முன்னால லாரிடா! பிரேக் போடு!"

"போட்டுட்டேனே!"

லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தான். என் வலது கால் தானாக ஓங்கி மிதித்தது. அடியில் வெறும் விரிப்புதான் இருந்தது.

லாரியின் பின்பக்கம் எங்கள் பானெட்டை நசுக்கியது. உயிர் தப்பினோம். கதவுதான் திறக்கவில்லை.

"டிரைவிங் ஸ்கூல் வண்டி லேசாத் தொட்டாலே நிக்குமே மாமா! இது ஏன் நிக்கல?"

"அதுல என் பக்கமும் ஒரு பிரேக் இருக்குடா. இருபது நாளும் பயந்துபோய் நான்தான் மிதிச்சேன்."

அவன் என்னையே பார்த்தான்.

"அப்போ உங்ககிட்ட கத்துக்கிட்ட மத்தவங்க?"

பத்து வருடமாக இதே வேலை. கண்ணாடியில் பார்த்தேன். பாலத்திலிருந்து ஒரு கார் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் கையசைத்தார். தெரிந்த முகம்.

கதவை மறுபடி இழுத்தேன்.